துப்பாக்கியை லக்கேஜில் போட்டு விமானம் ஏறுவது

கேள்வி, 8 அக்டோபர் 2024

அண்ணா, ஹூஸ்டனிலிருந்து நெவார்க் போகிறேன். எடிசனில் அக்கா வீடு, மூன்று வாரம் தங்கல். என் 9 எம்எம் பிஸ்டலை இங்கே அபார்ட்மென்டில் விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை, பக்கத்து பிளாக்கில் போன மாதம்தான் திருட்டு நடந்தது. செக்-இன் பெட்டியில் போட்டுக் கொண்டு போகலாம் என்கிறான் ரூம்மேட். கவுண்டரில் நாமே போய், உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று சொல்ல வேண்டுமாம். நிஜமா, விளையாடுகிறானா? ஒன்றும் சொல்லாமல் பூட்டி உள்ளே தள்ளிவிட்டால் என்ன?

8 அக்டோபர் 2024, இரவு

நிஜம்தான். அமெரிக்காவில் அது அன்றாடம் நடக்கிற காரியம். மான் வேட்டை சீசனில் டென்வர், சால்ட் லேக் சிட்டி கவுண்டர்களில் நின்று பாருங்கள், நீளமான பெட்டிகள் வரிசையாக வரும், யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

விதி சின்னது. துப்பாக்கியில் தோட்டா இருக்கக்கூடாது. கடினமான பெட்டிக்குள் இருக்க வேண்டும், அந்தப் பெட்டி பூட்டியிருக்க வேண்டும். சாவி உங்களிடம் மட்டும். கவுண்டரில் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கைப்பையில் துப்பாக்கி, தோட்டா, மேகசின் (தோட்டா அடுக்கும் கூடு), ஃபயரிங் பின் (தோட்டாவை வெடிக்கவைக்கும் ஊசி) எதுவும் கூடாது. குறி பார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப் மட்டும் கைப்பையில் வரலாம்.

நான் டிராப் சுடுகிறவன், அதாவது பறக்கிற களிமண் தட்டைச் சுடுகிற விளையாட்டு. ஷாட்கன் பெட்டியோடு அடிக்கடி போய்வருகிறேன். நடப்பது இதுதான். கவுண்டரில் இருப்பவர் ஒரு சின்ன அட்டையை நீட்டுவார். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று அதில் அச்சடித்திருக்கும். கையெழுத்து, தேதி போட்டுக் கொடுத்தால் பெட்டிக்குள் வைக்கச் சொல்வார். திறக்கச் சொல்லும்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். ஆர்வக்கோளாறில் கவுண்டர் மேலேயே டக்கென்று திறந்து, பிஸ்டலைக் கையில் எடுத்துக் காட்டுகிற ஆசாமிகள் இருக்கிறார்கள். அதற்குப்பிறகு அங்கே நடப்பது பார்க்கச் சுகமாக இருக்காது. அட்டை உள்ளே போனதும் பூட்டிவிட்டு, டிஎஸ்ஏ (விமான நிலையச் சோதனையைப் பார்க்கிற மத்திய அமைப்பு) ஸ்கேன் முடிகிறவரை பக்கத்திலேயே நிற்கச் சொல்வார்கள். பதினைந்து இருபது நிமிடம். அந்த நேரம் காபி வாங்கப் போகாதீர்கள், பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தால் சாவிக்கு உங்களைத்தான் தேடுவார்கள்.

சொல்லும் விதத்தில் மட்டும் கொஞ்சம் கவனம். பின்னால் வரிசையில் குழந்தையோடு நிற்கிறவர் காதில் விழும்படி "ஐ ஹாவ் எ கன்" என்று ஆரம்பிக்க வேண்டாம். செக்-இன் பெட்டியில் ஒரு துப்பாக்கி டிக்ளேர் செய்ய வேண்டும் என்று மெதுவாகச் சொன்னால் போதும்.

சொல்லாமல் போட்டால்? ஸ்கேனில் தெரிந்துவிடும். அபராதம் வரும், சில ஊரில் போலீசும் வரும். சொன்னவனுக்கு ஒரு அட்டை, சொல்லாதவனுக்கு ஒரு கேஸ்.

8 அக்டோபர் 2024, படுக்கப் போகும்முன்

நெவார்க் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும்.

மேலே சொன்னது பறப்பதற்கான விதி மட்டும். இறங்குகிற ஊரில் அந்தத் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கலாமா என்பது அந்த மாநிலத்தின் சட்டம். ஹூஸ்டன் இருக்கிற டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் பெரும்பாலானவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்கலாம். நெவார்க்கும் எடிசனும் இருக்கிற நியூ ஜெர்சி நேர் எதிர். அங்கே அனுமதிப் பத்திரம் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது 5 முதல் 10 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். டெக்சஸ் லைசென்ஸை நியூ ஜெர்சி ஏற்காது. அக்கா வீட்டுக்கு மூன்று வாரம் போகிறவருக்கு என் பதில்: வேண்டாம் தம்பி. நண்பர் வீட்டு சேஃபில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஊர் ஊராகத் துப்பாக்கியோடு போகிறவர்களைக் காக்க 1986ல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது, எனக்கு அது இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். கிளம்புகிற இடம், போய்ச்சேருகிற இடம் இரண்டிலும் சட்டப்படி வைத்திருக்கக்கூடியவருக்குத்தான் அது. நெவார்க்கே போய்ச்சேருகிற இடமானால் அது உதவாது.

நடுவில் மாட்டிக்கொண்டவருக்குமே அது உதவாத ஒரு வழக்கு உண்டு. கிரெக் ரெவெல் என்ற யூட்டாக்காரர். 2005 மார்ச் கடைசியில் சால்ட் லேக் சிட்டியிலிருந்து கிளம்பி, நெவார்க் வழியாகப் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் போக வேண்டியவர். பிஸ்டலை ஒழுங்காகச் சொல்லி, பூட்டி, செக்-இன் செய்திருக்கிறார். விமானம் தாமதம், கனெக்‌ஷன் போய்விட்டது. பதிலுக்கு பஸ் ஏற்பாடு செய்தார்கள், பெட்டி அதில் வரவில்லை, இவர் இறங்கிப் பெட்டியைத் தேடப் போக பஸ்ஸும் போய்விட்டது. கையில் பெட்டியோடு ராத்திரி ஓட்டலில் தங்கினார். மறுநாள் காலை நெவார்க் கவுண்டரில் வழக்கம்போல, பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். கைது. உள்ளே முனை குழிந்த ஹாலோ பாயின்ட் தோட்டாவும் இருந்தது, அதற்கும் நியூ ஜெர்சியில் தனிக் கட்டுப்பாடு. வழக்கு பிறகு கைவிடப்பட்டது, ஆனால் சில நாள் சிறையில் இருந்துவிட்டார். நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட வழக்கில் 2010ல் அந்தப் பகுதிக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் (மூன்றாம் வட்டம்) அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பெட்டி கையில் எட்டும்படி ஓட்டலில் இருந்தபோதே அந்த 1986 சட்டத்தின் பாதுகாப்பு போய்விட்டது என்றார்கள். அவர்மேல் தப்பில்லாமல்தான் அங்கே மாட்டிக்கொண்டார் என்று தெரிந்தே சொன்ன தீர்ப்பு அது.

அதனால் நான் செய்வது: நியூயார்க், நெவார்க் வழியாகக் கனெக்‌ஷன் போடுவதில்லை. நூறு டாலர் கூட ஆனாலும் ஷார்லட் வழியாகப் போகிறேன். ஒருவேளை விமானத்தை அங்கே திருப்பிவிட்டார்கள் என்றால் பெட்டியை வாங்கவே மாட்டேன். நீங்களே வைத்துக்கொண்டு நாளைக்கு ஏற்றுங்கள் என்று கேட்பேன். முடியாது என்றால், பெட்டியைத் தொடும்முன் விமான நிலையப் போலீசிடம் போய்ச் சொல்வேன்.

10 அக்டோபர் 2024

முந்தாநாள் பிஸ்டல், பூட்டு என்று பேசிக்கொண்டிருந்தோம், எந்த விசா என்று நான் கேட்கவே இல்லை. ரூம்மேட், ஹூஸ்டன், அபார்ட்மென்ட்... எச்-1பியா?

அப்படியானால் விமானத்தை விடுங்கள், வீட்டில் வைத்திருப்பதே கேள்வி. தற்காலிக விசாவில் இருப்பவர்கள், அதாவது எச்-1பி, எஃப்-1, எல்-1 எல்லாரும், துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்தியச் சட்டப்படி குற்றம். விலக்கு உண்டு. அதில் நம் ஆட்கள் அதிகம் பயன்படுத்துவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசென்ஸ். அது கையில் இருந்தால் வாங்கலாம், வைத்திருக்கலாம். காலாவதி ஆன நாளோடு விலக்கும் போச்சு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தடை இல்லை.

வேட்டைக்கே போகாத ஆள் எதற்கு வேட்டை லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்று சிரிப்பார்கள். சட்டம் அப்படி எழுதியிருக்கிறது. நம்மவர்களில் பாதிப் பேர் இதை ரேஞ்சில், அதாவது சுட்டுப் பழகுகிற இடத்தில், கேள்விப்பட்டு, அடுத்த வருஷம் புதுப்பிக்க மறந்துவிடுகிறார்கள். விசா நிலவரம் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் வக்கீல் இல்லை, களிமண் தட்டு உடைக்கிறவன்.

11 அக்டோபர் 2024

கிரீன் கார்டுதான் என்று பதில் வந்தது. பிஸ்டலை நண்பர் வீட்டில் வைத்துவிட்டாராம். நல்லது. ஆனால் அதற்குள் பூட்டுச் சண்டை ஆரம்பித்துவிட்டது, அதையும் பேசிவிடுவோம்.

சண்டை இது: டிஎஸ்ஏ சாவியால் திறக்கக்கூடிய பூட்டை, அந்தச் சிவப்புக் குறி போட்டதை, துப்பாக்கிப் பெட்டிக்குப் போடலாமா? எந்தப் பிராண்டு, எந்த வகைப் பூட்டும் சரி, அந்தப் பூட்டும் சரி என்று டிஎஸ்ஏவே சொல்கிறது. எதிர்த்தரப்பு வாதம்: சாவி பயணியிடம் மட்டும் இருக்க வேண்டும் என்று விதி சொல்லும்போது, ஊரெல்லாம் சாவி இருக்கிற பூட்டைப் போடுவது எப்படிச் சரி? வாதத்தில் ஞாயம் இருக்கிறது. அந்த மாஸ்டர் சாவிகளின் படம் வெளியாகி, 3டி பிரின்டரில் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம் என்றாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பூட்டோடு உங்களை யாரும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், சரி. நான் போட மாட்டேன். சாதாரண நல்ல பித்தளைப் பூட்டு போதும்.

பூட்டைவிட முக்கியம் மூலை. பெட்டியின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு பூட்டு போட்டிருந்தால், மலிவான பிளாஸ்டிக் பெட்டியில் மூலை வாயைப் பிளக்கும், விரல் உள்ளே போகும். அப்படித் திறக்க வருகிற பெட்டி விதிப்படி செல்லாது. கடையில் துப்பாக்கியோடு கொடுக்கிற பெட்டியை நம்பிப் போகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். பூட்டுப் போட எத்தனை ஓட்டை இருக்கிறதோ அத்தனையிலும் பூட்டு. பெலிக்கன் என்ற பிராண்டில் வருகிற என் பெட்டிக்கு அப்படித்தான். ஒரே சாவியில் திறக்கிற செட்டாக வாங்கிவிட்டால் கவுண்டரில் சாவிக்கொத்தைத் துழாவிக்கொண்டிருக்க வேண்டாம்.

கைத்துப்பாக்கிக்கு இன்னொரு வழி: சின்ன இரும்புப் பெட்டியில் பூட்டி, அதைச் சாதாரண சூட்கேஸுக்குள் வைப்பது. அப்போது கடினமாக இருக்க வேண்டியது உள்பெட்டிதான், சூட்கேஸ் துணியாக இருந்தாலும் பரவாயில்லை.

14 அக்டோபர் 2024

தோட்டாவைப் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

துப்பாக்கி இருக்கிற அதே பெட்டியில் தோட்டாவும் போகலாம், ஆனால் அதற்கென்று உள்ள டப்பாவில். அட்டை, பிளாஸ்டிக், மரம், உலோகம் எதுவும் சரி. ஜிப் பையில் அள்ளிப் போட்டதோ சாக்ஸுக்குள் திணித்ததோ கூடாது. சாக்ஸ் நான் கற்பனையாகச் சொல்லவில்லை, முன்னால் நின்றவரிடம் பார்த்தேன். தோட்டா ஏற்றிய மேகசினை டிஎஸ்ஏ ஏற்கும், பூட்டிய பெட்டிக்குள் இருந்தால். சில விமான நிறுவனங்கள் ஏற்காது. அதனால் மேகசினைக் காலி செய்துவிட்டுப் போவதுதான் வம்பில்லாதது.

அளவு: பெரும்பாலான நிறுவனங்களில் ஒருவருக்கு 5 கிலோ, அமெரிக்கக் கணக்கில் 11 பவுண்டு. 9 எம்எம் என்றால் அது நிறைய, ஏறக்குறைய 400 தோட்டா. 12 கேஜ் ஷாட்கன் குண்டு கனம். 25 குண்டு டப்பா நாலு வைத்தாலே 5 கிலோவை நெருங்கிவிடும். டிராப் போட்டியில் ஒரு நாளைக்கே அது போதாது. நான் குண்டே எடுத்துப் போவதில்லை, போகிற ஊர் கிளப்பில் வாங்கிக்கொள்கிறேன். பழகிய பிராண்டு கிடைக்காமல் முதல் சுற்றில் நாலைந்து தட்டு தப்பும். அதற்குப் பிராண்டுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளவும் வசதி.

14 அக்டோபர் 2024, ஒரு வரி

கரிமருந்து, அதைப் பற்றவைக்கிற பெர்க்கஷன் கேப், வீட்டில் தோட்டா கட்டுகிறவர்கள் அதன் அடியில் பொருத்துகிற பிரைமர் இதெல்லாம் எந்தப் பெட்டியிலும் விமானம் ஏறாது. சொன்னாலும் ஏறாது.

20 அக்டோபர் 2024

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். இதெல்லாம் இத்தனை சுலபமாக இருப்பதே தவறு, ஃபோர்ட் லாடர்டேல் மறந்துவிட்டதா என்கிறார்.

மறக்கவில்லை. 2017 ஜனவரி 6. அலாஸ்காவின் ஆங்கரேஜிலிருந்து மினியாபோலிஸ் வழியாக வந்தவன், செக்-இன் செய்திருந்தது துப்பாக்கிப் பெட்டி ஒன்றே ஒன்று. எல்லா விதியும் சரியாகக் கடைப்பிடித்திருந்தான். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் விமான நிலையத்தில் பெட்டியை வாங்கி, கழிப்பறைக்குப் போய்த் தோட்டா போட்டு, லக்கேஜ் எடுக்கிற கூடத்தில் 5 பேரைக் கொன்றான்.

அதற்குப் பிறகு சில நிறுவனங்கள் பெட்டியை பெல்ட்டில் விடாமல், அலுவலகத்தில் அடையாள அட்டை பார்த்துக் கையில் கொடுக்கின்றன. டெல்டா விமான நிறுவனம் பெட்டியைச் சுற்றிப் பிளாஸ்டிக் பட்டை போட்டு இறுக்கிக் கொடுக்கிறது, கத்தியோ கத்தரியோ இல்லாமல் அங்கேயே திறக்க முடியாது. பட்டை நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன். வீட்டுக்குப் போய் வெட்டிக்கொள்வதில் என்ன கஷ்டம்?

எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். எங்கே வரும் என்று எவருக்கும் தெரியாது. அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் ஒரு நிறுவனத்தின் கவுண்டர் பெண். போய் நின்றேன், இல்லை என்றார்கள். திரும்பி வந்து பார்த்தால் என் பெட்டி பெல்ட்டில் ஒரு ஸ்ட்ரோலருக்கும் கோல்ஃப் பைக்கும் நடுவில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. யார் தூக்கிப் போயிருந்தாலும் கேட்க ஆளில்லை. அன்றிலிருந்து முதலில் பெல்ட், அப்புறம்தான் அலுவலகம்.

2 நவம்பர் 2024

"பெட்டியின் வெளியே துப்பாக்கி என்று சீட்டு ஒட்டிவிட்டால் கைமாறிப் போகாதே?" என்று ஒருவர் கேட்டார். எழுபது, எண்பதுகளில் அப்படித்தான் வெளியே சீட்டு தொங்கும் என்று கிளப்பில் பெரியவர்கள் சொல்வார்கள். திருடனுக்கு அதைவிட நல்ல வழிகாட்டி கிடையாது. விமான நிறுவனம் அப்படி வெளியே சீட்டு ஒட்டச் சொல்லக்கூடாது என்று 1993ல் துப்பாக்கி விற்பனையைக் கட்டுப்படுத்த வந்த பிரேடி சட்டத்தோடு சேர்த்துத் தடை போட்டார்கள். அட்டை உள்ளே போவது அதனால்தான்.

திருட்டு என்றதும் புகைப்படக்காரர்களின் தந்திரம் நினைவுக்கு வருகிறது. ஓட்டப்பந்தயத்தில் சுடுகிற ஸ்டார்ட்டர் பிஸ்டலும் டிஎஸ்ஏ கணக்கில் துப்பாக்கிதான், அதே விதி. விலை உயர்ந்த லென்ஸ்களோடு ஒரு ஸ்டார்ட்டர் பிஸ்டலையும் வைத்துச் சொல்லிவிட்டால், மொத்தப் பெட்டிக்கும் நல்ல பூட்டு போடலாம், சாவி நம்மிடமே, பெட்டி தொலைந்தால் நிறுவனமும் பதறித் தேடும். படித்தபோது புத்திசாலித்தனமாகத்தான் தோன்றியது. யோசிக்க யோசிக்க எனக்கு ஒப்பவில்லை. கேமராவுக்காக ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் கவுண்டரில் நிற்க வேண்டும். போகிற மாநிலமும் நாடும் ஸ்டார்ட்டர் பிஸ்டலை என்ன சொல்கிறது என்று படிக்க வேண்டும். கல்யாண போட்டோ எடுக்கச் சென்னைக்குப் போகிறவர் இதை முயன்றால் சுங்கத்தில் என்ன பதில் சொல்வார்?

23 நவம்பர் 2024

டிசம்பர் வருகிறது, ஊருக்குப் போகிறவர்கள் இதை மட்டுமாவது படியுங்கள்.

ரேஞ்சுக்குத் தூக்கிப்போகிற பையை ஊர்ப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். ஓரத் தையலுக்குள் ஒரு தோட்டா புகுந்துகொண்டால் கைக்கே தெரியாது. இங்கே கைப்பையில் கிடைத்தால் பிடுங்கி வைத்துக்கொண்டு, அபராதத்தோடு விடக்கூடும். இந்தியாவில் ஆயுதச் சட்டம் 1959ன்படி தோட்டாவுக்கும் லைசென்ஸ் வேண்டும், ஒன்றே ஒன்று என்றாலும். கண்டுபிடித்தவர்கள் போலீசிடம் ஒப்படைப்பார்கள், எஃப்ஐஆர் விழும், பாஸ்போர்ட்டோடு ஊரில் உட்கார வேண்டியதுதான். டெல்லி விமான நிலையத்தில் இப்படி மாட்டியவர்கள் பலர். துப்பாக்கி இல்லாமல் தோட்டா மட்டும், அதுவும் தெரியாமல் இருந்தது என்றால் டெல்லி உயர் நீதிமன்றம் பல வழக்குகளை ரத்து செய்திருக்கிறது. வைத்திருக்கிறோம் என்ற உணர்வு இருந்திருக்க வேண்டும் என்று 1972ல் குன்வந்த்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துத்தான். ஆனால் உயர் நீதிமன்றம்வரை போய் வருவதற்குள் லீவு, வேலை, வக்கீல் செலவு எல்லாம் ஆகிவிடும்.

இந்தியா மட்டும் என்று நினைக்க வேண்டாம். கரீபியனில் டர்க்ஸ் அண்ட் கைக்கோஸ் தீவுகளில் இந்த வருஷம் ஐந்து அமெரிக்கர்கள், சுற்றுலா போன இடத்தில், பையில் மறந்து கிடந்த தோட்டாவுக்காக மாட்டினார்கள். அங்கே குறைந்தபட்ச தண்டனை 12 ஆண்டு. அமெரிக்க எம்பிக்கள் போய்ப் பேசும் அளவுக்கு விஷயம் பெரிதானது. கடைசியில் பெரும்பாலும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையும் அபராதமுமாக முடிந்தது, நீதிபதிக்கு இடம் கொடுத்துச் சட்டத்தையும் திருத்தினார்கள்.

பையை உதறாதீர்கள், உதறினால் விழாது. லைனிங்கைப் பிதுக்கி, ஒவ்வொரு அறையிலும் விரல் விட்டுத் தடவுங்கள். அதைவிட நல்லது, ரேஞ்சுக்கென்று தனிப்பை வைத்துக்கொள்வது.

18 ஜனவரி 2025

டிஎஸ்ஏ போன வருஷக் கணக்கை வெளியிட்டிருக்கிறது. 2024ல் பயணிகள் சோதனை வரிசையில் பிடிபட்ட துப்பாக்கிகள் 6,678. 2023ல் 6,737. அட்லாண்டா வழக்கம்போல முதலிடம், 440. பிடிபட்டதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தோட்டா ஏற்றியவை.

இது செக்-இன் கணக்கு இல்லை, கைப்பைக் கணக்கு. மறந்துவிட்டேன் என்பதுதான் அவர்களில் பலர் சொல்கிற பதில். இரண்டு பவுண்டு இரும்பு பையில் இருப்பது எப்படி மறக்கும் என்று முன்பெல்லாம் கேலி செய்வேன். தினம் இடுப்பிலும் பையிலும் வைத்துப் பழகியவனுக்கு மறக்கத்தான் செய்யும் என்று இப்போது படுகிறது. அபராதம் பல ஆயிரம் டாலர் வரை போகும். சோதனை வரிசையில் சீக்கிரம் விடுகிற பிரீசெக் சலுகை வைத்திருந்தால் அதுவும் போகும்.

9 பிப்ரவரி 2025

கனடாவுக்கு வாத்து வேட்டைக்குப் போகிறவருக்கு: ஷாட்கன் என்றால் முடியும். கனடாவில் இறங்கியதும் சுங்கத்தில், வெளிநாட்டவருக்கான துப்பாக்கி டிக்ளரேஷன் படிவம். மூன்று பிரதி நிரப்பி எடுத்துப் போங்கள், கையெழுத்தை மட்டும் அதிகாரி முன்னால் போடுங்கள். 25 கனடா டாலர், 60 நாள் செல்லும். கைத்துப்பாக்கியை நினைக்கவே வேண்டாம்.

அதற்குமுன் இங்கே ஒரு வேலை இருக்கிறது. கிளம்பும்முன் அமெரிக்கச் சுங்க அலுவலகத்தில் துப்பாக்கியைக் காட்டி, படிவம் 4457ல் முத்திரை வாங்கிவிடுங்கள். இது உங்களுடையது, வெளிநாட்டில் வாங்கியது இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி. சீரியல் நம்பரை நீங்கள் எழுதியதோடு அதிகாரி ஒப்பிட்டுப் பார்ப்பார். அலுவலகத்துக்குத் துப்பாக்கியோடு நடந்து போகும்முன் போன் செய்து, எந்த வாசலில் வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.